உப்பும் கரியும்: ‘கிரேட் பிரிட்டன்’ கப்பலின் இன்ஜின் அறை

வீட்டுப் பிரஷர் குக்கர் விசில் அடிக்கும்போது உள்ளே இருக்கும் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 15 பவுண்டு. 1845-ல் லிவர்பூலிலிருந்து 14 நாள் 21 மணி நேரத்தில் நியூயார்க் போய்ச் சேர்ந்த ‘கிரேட் பிரிட்டன்’ பயணிக் கப்பலின் பாய்லரில் இருந்தது வெறும் 5 பவுண்டு. 322 அடி நீளம், முழுக்க இரும்பு, பக்கச் சக்கரங்களுக்குப் பதில் பின்னால் ப்ரொப்பெல்லர். அன்றைக்கு உலகத்தில் அதைவிடப் பெரிய கப்பல் கிடையாது. அதை நகர்த்தப் போதுமானதாக இருந்தது குக்கரில் மூன்றில் ஒரு பங்கு அழுத்தம்.

நீராவிக் கப்பல் என்றதும் சீறிப் பாயும் ஆவியைக் கற்பனை செய்பவர்கள் இடறுவது இந்த இடத்தில்தான். ஏன் 5 பவுண்டு, ஏன் அதற்கு மேல் போகவில்லை என்பது பிடிபட்டுவிட்டால், அந்தக் கப்பலின் மற்ற வேலைகளெல்லாம் தானாக விளங்கும். யார் எவ்வளவு கரி அள்ளினார்கள், எந்தத் துறைமுகத்தில் நின்றார்கள், இன்ஜின் இருந்தும் பாய்மரங்களை ஏன் கழற்றவில்லை, பயணிக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் கிடைத்தது என்று ஒன்றன்பின் ஒன்றாக எல்லாமே அந்த 5 பவுண்டில் வந்து நிற்கும்.

முதலில் இன்ஜின். பிஸ்டனை நகர்த்தியது பாய்லர் அழுத்தம் மட்டும் அல்ல. சிலிண்டரில் வேலையை முடித்த நீராவி கண்டென்சருக்குள் போகும். அங்கே குளிர்ந்த கடல்நீரைப் பீய்ச்சுவார்கள். ஆவி நொடியில் நீராகிச் சுருங்கும். அந்த இடத்தில் வெற்றிடம் உண்டாகும். இன்ஜின் நல்ல நிலையில் இருந்தால் வெற்றிட கேஜ் 25 அங்குலப் பாதரசம் காட்டும்; அது சதுர அங்குலத்துக்கு 12 பவுண்டுக்குச் சமம். பிஸ்டனின் ஒரு முகத்தில் 5 பவுண்டு தள்ளுகிறது, மறு முகத்தில் 12 பவுண்டு எதிர்ப்பு காணாமல் போகிறது. அதாவது உழைப்பில் முக்கால் பங்குக்குச் சற்றுக் குறைவானது வெற்றிடத்திலிருந்து வந்தது. ஒவ்வொரு சிலிண்டரின் விட்டமும் 88 அங்குலம், அப்படி நான்கு. 17 பவுண்டை அந்தப் பரப்போடு பெருக்கிப் பாருங்கள்: ஒரு பிஸ்டனுக்கு சுமார் 46 டன் விசை. நிமிடத்துக்கு 18 சுற்றுதான். அந்த மெதுவான சுழற்சியை 18 அடி 3 அங்குலம் விட்டமுள்ள பெரிய சக்கரத்திலிருந்து 6 அடிச் சக்கரத்துக்கு நான்கு பல்சங்கிலிகளில் கொண்டுபோய், ப்ரொப்பெல்லரை 53 சுற்றுக்கு ஏற்றினார்கள்.

ஆகவே அந்தக் காலத்து இன்ஜினியர் காவலுக்கு, அதாவது தன் முறைப்பணிக்கு, வந்ததும் முதலில் பார்த்தது வெற்றிட கேஜை. முள் 25-லிருந்து 21-க்கு இறங்கினால் கரி எவ்வளவு போட்டாலும் வேகம் திரும்பாது. காரணம் பெரும்பாலும் மூன்றில் ஒன்று. பிஸ்டன் தண்டைச் சுற்றியிருக்கும் பேக்கிங் தளர்ந்து காற்று உள்ளே போகும். அல்லது பீய்ச்சும் கடல்நீர் போதாது. அல்லது கண்டென்சரிலிருந்து காற்றையும் நீரையும் வெளியேற்றும் ஏர் பம்பின் வால்வு தேய்ந்திருக்கும். காற்று எங்கே நுழைகிறது என்று கண்டுபிடிக்க மெழுகுவத்தி போதும். ஒவ்வொரு இணைப்பின் அருகிலும் சுடரைக் காட்டினால், ஓட்டை உள்ள இடத்தில் சுடர் உள்பக்கமாக வளையும். பேக்கிங் என்பது மாட்டுக் கொழுப்பில் ஊறவைத்த சணல் வடம். அதை இறுக்கும்போது நான்கு நட்டுகளையும் சிறிது சிறிதாக, எதிரெதிராக முறுக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் இறுக்கினால் தண்டு சூடேறும், கீறல் விழும்.

நிறுத்தும்போதும் ஓர் ஒழுங்கு உண்டு. இன்ஜின் நின்றால் ஏர் பம்பும் நின்றுவிடும்; ஆனால் கண்டென்சருக்குள் வெற்றிடம் இருப்பதால் கடல்நீர் தானாக உறிஞ்சப்பட்டுக்கொண்டே இருக்கும். பீய்ச்சும் குழாயை அடைக்க மறந்தால் கண்டென்சர் நிரம்பி, நீர் சிலிண்டருக்கே ஏறும். நீரை அழுத்திச் சுருக்க முடியாது. அடுத்த முறை இன்ஜினைக் கிளப்பும்போது சிலிண்டர் மூடியோ இணைப்புத் தண்டோ உடையும். அதனால் துறைமுகத்தில் ‘நிறுத்து’ என்ற கட்டளை வந்ததும் ஒருவர் கை ஆவி வால்வில், இன்னொருவர் கை பீய்ச்சும் குழாயில் இருக்க வேண்டும். கிளப்பும்போது இதற்கு நேர் எதிர் வரிசை: சிலிண்டர் வடிகால்களைத் திறந்து, ஆவியை மெல்ல விட்டுச் சூடேற்றி, அதே ஆவியால் கண்டென்சரில் தங்கிய காற்றை வெளியே தள்ளி, அதன் பிறகே கடல்நீர்.

சரி, அழுத்தத்தை ஏன் கூட்டவில்லை? ஒரு காரணம் பாய்லரின் வடிவம். மூன்று பகுதிகளாகப் பிரித்த ஒரே பெரிய இரும்புப் பெட்டி அது. 34 அடி நீளம், 31 அடி அகலம், 22 அடி உயரம், 24 உலைகள். தட்டையான சுவர்கள். 34-க்கு 22 அடிச் சுவரில் 5 பவுண்டு அழுத்தினாலே மொத்தம் 240 டன். சுவர் வீங்காமல் இருக்க உள்ளே குறுக்குக் கம்பிகள். அழுத்தத்தை இரட்டிப்பாக்கினால் கம்பிகளும் இரட்டிப்பாக வேண்டும். இது தீர்க்கக்கூடிய சிக்கல்தான். தீர்க்க முடியாமல் கிடந்தது இரண்டாவது காரணம்: உப்பு.

கண்டென்சரில் ஒரு பங்கு நீராவியைக் குளிரவைக்க 25 முதல் 30 பங்கு கடல்நீர் வேண்டும். இரண்டும் ஒன்றாகக் கலந்துவிடும். அந்தக் கலவையிலிருந்துதான் பாய்லருக்கு நீர் எடுத்தார்கள். அதாவது பாய்லருக்குள் போனது ஏறக்குறைய கடல்நீரே. நீர் ஆவியாகிப் போகும், உப்பு உள்ளேயே தங்கும். விட்டுவிட்டால் சில நாட்களில் உலையின் மேல் கல் போலப் படிந்துவிடும். படிவுக்கு அடியில் இருக்கும் தகட்டை நீர் தொடாது. தகடு சிவந்து தொங்கும், பிறகு கிழியும்.

இதற்குச் செய்த கைவைத்தியம் ஊதி வெளியேற்றுவது. கடல்நீரில் எடைக்கு எடை சுமார் 32-ல் ஒரு பங்கு உப்பு. இதை ‘ஒன்று’ என்று வைத்துக்கொண்டு, பாய்லர் நீரை ‘இரண்டு’ அளவில் வைத்திருப்பார்கள். ‘மூன்றை’த் தாண்ட விடமாட்டார்கள். பார்ப்பது எப்படி? பாய்லரின் ஓரத்தில் உள்ள குழாயைத் திறந்து, உயரமான ஒடுக்கமான செம்புப் பாத்திரத்தில் நீரைப் பிடிப்பார்கள். கொதிநீர், குமிழ் அடங்கும்வரை பொறுக்க வேண்டும். வெப்பமானி 93 டிகிரி செல்சியஸ் காட்டும்போது மிதவைமானியை மெல்ல இறக்கி, நீர்மட்டம் தண்டில் எந்தக் கோட்டைத் தொடுகிறது என்று பார்ப்பார்கள். மிதவைமானியின் கோடுகள் அந்த ஒரு வெப்பநிலைக்கு மட்டுமே சரி. அவசரப்பட்டு இன்னும் சூடாக இருக்கும்போதே பார்த்தால் உப்பு குறைவாகத் தெரியும்; ஆறவிட்டுப் பார்த்தால் அதிகமாகத் தெரியும். மிதவைமானி உடைந்துபோனால் திறந்த பாத்திரத்தில் அந்த நீரைக் கொதிக்கவைத்து வெப்பநிலை பார்க்கலாம். உப்பு ஒரு படி ஏறினால் கொதிநிலை சுமார் 0.7 டிகிரி ஏறும். ஆனால் காற்றழுத்தம் குறைந்த புயல் நாளில் இந்தக் கணக்கு ஏமாற்றும்.

கணக்கைப் பாருங்கள். ‘இரண்டில்’ வைத்திருக்க, உள்ளே விடும் நீரில் பாதியைத் திரும்பக் கடலில் ஊற்ற வேண்டும். அதுவும் சூடாக்கிய பிறகு. இதில் போகும் வெப்பம் மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கு. ‘மூன்றில்’ வைத்தால் மூன்றில் ஒரு பங்கு நீரை ஊற்றினால் போதும், வெப்ப இழப்பு கிட்டத்தட்டப் பாதியாகும். ஆனால் படிவு வேகமாக ஏறும். கரி விலையைப் பார்ப்பதா, பாய்லரின் ஆயுளைப் பார்ப்பதா என்ற இழுபறி ஒவ்வொரு காவலிலும் நடந்தது. கப்பல் முதலாளி கரிக் கணக்கைக் கேட்பார், பாய்லர் போனாலும் கேட்பார்.

ஊதுவதற்கு முன் நீர்மட்டத்தைச் சில அங்குலம் உயர்த்திக்கொள்ள வேண்டும். பிறகு கடலுக்குத் திறக்கும் அடிக்குழாயைச் சாவியால் திருப்பி, கண்ணாடிக் குழாயில் மட்டம் பழைய குறிக்கு இறங்கியதும் மூட வேண்டும். திறந்தவர் அந்த இடத்தை விட்டு நகரக் கூடாது. இந்த விதி எவ்வளவு முக்கியம் என்றால், குழாய் முழுக்க மூடினால் ஒழிய சாவியைக் கழற்றவே முடியாதபடி காப்பு வைத்துச் செய்யும் பழக்கம் பின்னால் வந்தது. திறந்தபடி மறந்தால் சில நிமிடங்களில் உலைகளின் மேல்தகடு நீருக்கு வெளியே வந்துவிடும். அப்போது பதறிப்போய்க் குளிர்நீர் விடுவது இரண்டாவது தவறு. முதலில் தீயை இழுத்து வெளியே போட வேண்டும், அல்லது ஈரச் சாம்பலால் மூட வேண்டும்.

இவ்வளவு செய்தும் ஒருவகைப் படிவைத் தடுக்க முடியாது: கால்சியம் சல்ஃபேட். சாதாரண உப்பு சூட்டில் இன்னும் கொஞ்சம் அதிகமாகக் கரையும். இது சூடு ஏற ஏறக் கரைய மறுக்கும். 5 பவுண்டு அழுத்தத்தில் நீர் கொதிப்பது 108 டிகிரியில். 60 பவுண்டுக்குப் போனால் 153 டிகிரி. அந்தச் சூட்டில் எவ்வளவு ஊதினாலும் கால்சியம் சல்ஃபேட் முழுவதும் தகட்டில்தான் ஒட்டும். கடல்நீரைக் கொதிக்கவைக்கும்வரை உயர் அழுத்தம் என்ற பேச்சுக்கே இடமில்லை. துறைமுகத்தில் பாய்லரை ஆறவைத்து, ஆள் உள்ளே நுழைந்து, சிறு சுத்தியலால் தட்டித் தட்டிப் படிவை எடுப்பார்கள். சுத்தியல் முனை மழுங்கலாக இருக்க வேண்டும். கூராக இருந்தால் தகட்டில் விழும் ஒவ்வொரு வடுவும் அரிப்பு தொடங்கும் இடம்.

உப்பைப் பற்றி இன்னும் ஒன்று, கங்கைக் கழிமுகம் போன்ற இடங்களுக்குப் போகும் கப்பல்களுக்கு நன்றாகத் தெரிந்தது. கடல்நீரில் ஓடிக்கொண்டிருந்த பாய்லருக்கு ஆற்றின் சேற்று நீர் போனால் உள்ளே நுரை பொங்கும். கண்ணாடிக் குழாயில் மட்டம் தாறுமாறாகக் குதிக்கும். ஆவியோடு நீரும் சிலிண்டருக்குள் அடித்துக்கொண்டு போகும். அப்போது ஆவி வால்வைப் பாதி மூடி, உலைக் கதவுகளைத் திறந்து சூட்டைத் தணித்து, வடிகால்களைத் திறந்து மெல்லப் போவது தவிர வழியில்லை. ஹூக்ளி போன்ற ஆற்றுக்குள் நுழையும் இடமோ வழிகாட்டி மாலுமிக்கு இன்ஜின் மிக அவசியமாகத் தேவைப்படும் இடம்.

இப்போது கரி. அந்தத் தலைமுறை இன்ஜின்கள் ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்கு சுமார் 2 கிலோ கரி தின்றன. 1,000 குதிரைத்திறன் என்றால் ஒரு நாளைக்கு 48 டன். 24 உலைகளுக்குப் பகிர்ந்தால் உலைக்கு 2 டன். ஒருவர் நான்கு உலைகளைக் கவனித்தால், 4 மணி நேரக் காவலில் அவர் கையால் உள்ளே போவது 1.3 டன். 4 மணி நேரம் வேலை, 8 மணி நேரம் ஓய்வு, மறுபடி 4. எடையைவிடக் கொடுமையானது சூடு. வெப்ப மண்டலத்தில் உலை முன் 50 டிகிரியைத் தாண்டும். கீழே காற்று வருவது மேல்தளத்திலிருந்து இறங்கும் துணிக்குழாய்களாலும் வாய் அகன்ற காற்றுக் குழல்களாலும்தான். காற்று கப்பலின் பின்னாலிருந்து, கப்பலின் வேகத்திலேயே வீசினால் குழலில் ஒன்றும் இறங்காது. பாய்மரத்துக்குப் பிடித்த காற்று, கரி போடுபவருக்கு ஆகாத காற்று.

கரி போடுவது வலிமை வேலை என்று நினைப்பவர்கள் உலை முன் நின்றதில்லை. அது கண் வேலை, மணிக்கட்டு வேலை. ஒரே நேரத்தில் ஒரு கதவைத்தான் திறக்க வேண்டும்; இரண்டு கதவு திறந்தால் குளிர்காற்று புகுந்து அழுத்தம் விழும், சூடான தகடும் சுருங்கிக் கசியும். கதவு திறந்திருக்கும் நேரம் சில நொடிகள். பெரிய கட்டியை முஷ்டி அளவுக்கு உடைத்துக்கொள்ள வேண்டும். தீப்படுகை ஒரு சாண் கனத்தில், சமமாக. முதல் வாரி உலையின் கோடிக்கு, பிறகு ஓரங்களுக்கு, கடைசியாக முன்பக்கம். மண்வாரியை உள்ளே நீட்டி மணிக்கட்டைச் சுண்டினால் கரி விசிறி போலப் பரவும். குவியலாக விழுந்தால் அந்த இடம் புகையும், பக்கத்தில் ஓட்டை விழும். ஓட்டை விழுந்த இடத்தில் காற்று எரியாமல் நேராகப் புகைபோக்கிக்குப் போகும். அது வெப்பத்தைத் திருடுவதோடு சரி.

தீ எப்படி இருக்கிறது என்று அறியக் கதவைத் திறக்கவே வேண்டாம். கீழே சாம்பல் குழியைப் பாருங்கள். பளிச்சென்று வெளிச்சம் விழுந்தால் தீ சுத்தம். இருண்டு திட்டுத்திட்டாகத் தெரிந்தால் மேலே கிளிங்கர், அதாவது உருகி இறுகிய சாம்பல் பாளம், கம்பிகளை அடைத்திருக்கிறது. அதை எடுக்க நீண்ட தட்டைக் கம்பியைக் கிராதிக்கு மேலாகச் செலுத்தி நெம்ப வேண்டும். பிறகு நல்ல தீயை ஒரு பக்கம் ஒதுக்கி, மறுபக்கப் பாளத்தை இழுத்து வெளியே போட்டு, தீயை அந்தப் பக்கம் தள்ளி, அடுத்த பாதி. எல்லா உலையையும் ஒரே காவலில் சுத்தம் செய்தால் ஆவி விழுந்துவிடும். முறை வைத்து, ஒன்று மாற்றி ஒன்றுதான் செய்வார்கள். வெளியே இழுத்த பாளத்தின் மேல் வாளித் தண்ணீர் ஊற்றும்போது எழும் கந்தகப் புகைதான் அந்த அறையின் நிரந்தர வாசனை. கரியில் பத்தில் ஒரு பங்கு சாம்பல் என்று வைத்தாலே நாளுக்கு 5 டன் சாம்பலை வாளி வாளியாக மேலே ஏற்றி, காற்று போகும் பக்கமாகக் கடலில் கொட்ட வேண்டும். பக்கம் மாறிக் கொட்டினால் முதல் வகுப்புப் பயணி வெள்ளைச் சட்டையோடு கேப்டனிடம் போய் நிற்பார்.

உலை முன் நிற்பவரைவிடக் குறைந்த கூலியும் கூடுதல் இருட்டும் டிரிம்மருக்கு. கரிக் கிடங்குக்குள் போய், கரியை அள்ளி உலை முன் கொண்டுவந்து கொட்டுவது அவர் வேலை. பயணத் தொடக்கத்தில் கரி உலைக்குப் பக்கத்திலேயே இருக்கும். நாள் செல்லச் செல்ல அது தூரமாகும். ஒரே அளவு கரிக்கு நடை இரட்டிப்பாகும். இரு பக்கக் கிடங்கிலிருந்தும் சமமாக எடுக்காவிட்டால் கப்பல் ஒரு பக்கம் சாயும். கிடங்கில் கரி தானாகத் தீப்பிடிப்பதும் உண்டு. பொடியும் ஈரமும் கலந்த கரியைக் குவித்தால் உள்ளே மெல்லச் சூடேறும். இரும்புக் குழாயைக் குவியலுக்குள் செருகி, அதில் வெப்பமானியைக் கயிற்றில் இறக்கிப் பார்ப்பதுதான் எச்சரிக்கையான வழி. சூடு தெரிந்தால் மேலே தண்ணீர் ஊற்றுவது பயன் தராது. மேல்பகுதி இறுகி உள்ளே கனன்றுகொண்டே இருக்கும். அந்தப் பக்கத்துக் கரியை முதலில் எடுத்து எரித்துவிட வேண்டும். எரிவாயு தேங்கியிருக்கும் என்பதால் மூடியைத் திறந்த உடனே திறந்த விளக்கோடு இறங்கவும் கூடாது.

இந்தக் கப்பலின் கரிக் கொள்ளளவு முதலில் 1,200 டன். அது தீரும்போது கப்பல் ஒரு மீட்டருக்கு மேல் உயர்ந்துவிடும் என்பது என் கணக்கு. பக்கச் சக்கரக் கப்பலுக்கு இதுவே தலைவலி: புறப்படும்போது சக்கரத் துடுப்புகள் அளவுக்கு மீறி மூழ்கியிருக்கும், போய்ச் சேரும்போது நீரைச் சரியாகத் தொடாது. ப்ரொப்பெல்லருக்கு அந்தத் தொல்லை குறைவு. 1840-ல் ‘ஆர்க்கிமிடீஸ்’ என்ற சிறிய ப்ரொப்பெல்லர் கப்பல் பிரிஸ்டலுக்கு வந்துபோனதும், பாதி கட்டிய கப்பலின் திட்டத்தையே வடிவமைப்பாளர் புரூனல் மாற்றியதில் இதற்கும் பங்கு உண்டு. சக்கரத்துக்கான பெரிய ஷாஃப்டை, அதாவது சுழல்தண்டை, அடித்து உருவாக்கவென்றே இன்ஜினியர் ஜேம்ஸ் நாஸ்மித் நீராவிச் சுத்தியலை யோசித்திருந்தார். சுத்தியல் உலகம் முழுக்கப் பரவியது, அந்த ஷாஃப்ட் செய்யப்படவே இல்லை.

வேகமும் கரியும் நேர்விகிதத்தில் போகாது. 10 நாட் (மணிக்கு 10 கடல் மைல்) ஓடும் கப்பலை 11 நாட் ஓட்ட, நாளுக்கு மூன்றில் ஒரு பங்கு கூடுதல் கரி வேண்டும். ஒரே தூரத்துக்கு என்று பார்த்தாலும் ஐந்தில் ஒரு பங்கு கூடுதல். எதிர்க்காற்றில் இன்னும் மோசம்: கரி அதே அளவு எரியும், தூரம் மட்டும் குறையும். 1852-ல் ஆஸ்திரேலியத் தங்கத்தைத் தேடிப் போனவர்களை ஏற்றிக்கொண்டு லிவர்பூலிலிருந்து மெல்பர்னுக்குப் போன முதல் பயணத்தில், எதிர்க்காற்றில் கரி கரைந்து, நன்னம்பிக்கை முனையை எட்ட முடியாமல் செயின்ட் ஹெலினா தீவுக்குத் திரும்பிப் போய்க் கரி ஏற்ற வேண்டி வந்தது. வழித்துறைமுகங்களில் கரி மலையாகக் கிடந்தது என்றால், அதை வேல்ஸிலிருந்து சுமந்து வந்தவை பாய்மரக் கப்பல்கள். ஏடனிலும் இலங்கையின் காலித் துறைமுகத்திலும் நீராவிக் கப்பல் எரித்த கரிக்குக் காற்றுதான் வண்டி இழுத்தது. காலியில் இருந்த இந்த வேலை, அலைதடுப்புச் சுவர் கட்டிய பிறகு கொழும்புக்கு இடம் மாறியது.

ஆஸ்திரேலிய வழிக்கு மாறியபோது ‘கிரேட் பிரிட்டன்’ இன்ஜினைக் கொண்ட பாய்மரக் கப்பலாகவே ஆகிவிட்டது. 10 பவுண்டு அழுத்தத்தில் வேலை செய்யும் புதிய பாய்லர்கள், ஜான் பென் நிறுவனத்தின் இரண்டு சிலிண்டர் இன்ஜின், சங்கிலிக்குப் பதில் பல்சக்கரம், 1853-லிருந்து மூன்று பாய்மரங்கள். நல்ல காற்று நிலைத்தால் தீயை அணைப்பதா, தூங்கவைப்பதா என்று முடிவெடுக்க வேண்டும். தூங்கவைப்பது என்றால் தீயை உலையின் கோடிக்குத் தள்ளி, ஈரப் பொடிக்கரியால் மூடி, காற்று வாயை அடைப்பது. கரி கொஞ்சம் செலவாகும். ஆனால் தேவைப்படும்போது சீக்கிரம் ஆவி எழும்பும். முழுக்க அணைத்தால் மறுபடி ஆவி எழுப்ப அரை நாளுக்கு மேல் வேண்டும். அவசரப்பட்டால் பெரிய பெட்டிப் பாய்லரின் மேல்பகுதி சூடாகி அடிப்பகுதி குளிர்ந்தே இருக்கும், தகடுகளை இணைக்கும் தையல்கள் கசியும்.

சும்மா நிற்கும் ப்ரொப்பெல்லர் பாய்க் கப்பலுக்குக் காலில் கட்டிய கல். 1857-ல் அதை நீருக்கு மேலே தூக்கும் அமைப்பு பொருத்தப்பட்டது. இரண்டு இலைகளும் மேலும் கீழுமாக நேராக நிற்கும்படி ஷாஃப்டைக் குறிவைத்து நிறுத்தி, இணைப்பை விடுவித்து, கிணறு போன்ற வழியில் மேலே இழுப்பார்கள். குறி ஒரு விரற்கடை தவறினாலும் சிக்கிக்கொள்ளும். அதே ஆண்டு இந்தியாவில் வெடித்த கிளர்ச்சியை அடக்க பம்பாய்க்குப் படை ஏற்றி வந்ததும் இந்தக் கப்பல்தான். சூயஸ் கால்வாய் திறக்க இன்னும் 12 ஆண்டுகள் இருந்ததால் ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு வந்தது.

ப்ரொப்பெல்லர் யுகத்தின் மிகப் பெரிய தலைவலி பற்றி எழுதுபவர்கள் குறைவு. ஷாஃப்ட் கப்பலை விட்டு வெளியேறும் இடத்தில் பித்தளைப் பேரிங் வைத்தார்கள். ஷாஃப்டின் எடை, அதிர்வு, நீரோடு வரும் மணல் எல்லாம் சேர்ந்து பித்தளையைத் தின்றன. தேய்ந்தால் ஷாஃப்ட் ஆடும், ஆடினால் கசியும், பின்பகுதியே குலுங்கும். தீர்வு ஒரு மரம். லிக்னம் வைட்டே என்ற, நீரில் மூழ்கும் அளவுக்குக் கனமான, பிசின் நிறைந்த வெப்பமண்டல மரம். ஜான் பென் 1854-ல் காப்புரிமை பெற்றார். மரப்பட்டைகளை உருளையின் உட்புறம் வரிசையாகப் பதித்து, இடையிடையே பள்ளம் விட்டு, கடல்நீரே ஓடி உயவாக இருக்கும்படி செய்தார். எண்ணெய் வேண்டாம், தேய்மானம் மிகக் குறைவு. நீண்ட கடல் பயணத்துக்கு ப்ரொப்பெல்லரை நம்பலாம் என்று ஆனது இதற்குப் பிறகுதான். பெரிய சிலிண்டர்களுக்குக் கிடைக்கும் புகழில் கால் பங்கு இந்த மரப்பட்டைகளுக்குக் கிடைத்திருக்க வேண்டும்.

பயணிகள் இதையெல்லாம் சத்தமாகவும் தூசாகவும் மட்டுமே அறிந்தார்கள். கரி ஏற்றும் நாளில் எல்லா ஜன்னலும் மூடப்படும், வாசல்களில் கித்தான் தொங்கும், வசதி உள்ளவர்கள் கரைக்குப் போய்விடுவார்கள். 1855-ன் பிரிட்டிஷ் பயணிகள் சட்டப்படி கீழ்வகுப்பில் பெரியவர் ஒருவருக்கு நாளுக்கு 3 குவார்ட் நன்னீர், அதாவது சுமார் 3.4 லிட்டர். குடிப்பதும் தேநீரும் அதில்தான். குளியலும் துவையலும் கடல்நீரில். மாடு, ஆடு, பன்றி, கோழியெல்லாம் மேல்தளத்தில் உயிரோடு வந்தன. குளிர் மிகுந்த தெற்குக் கடலில் அவற்றைக் காப்பாற்றுவதும் ஒரு வேலை. புயலில் மேல்திறப்புகளை மூடினால் கீழ்த்தளத்தின் காற்று கெடும். அனுபவமுள்ள கப்பல் மருத்துவர்கள் கீழ்த்தளத்தைத் தண்ணீர் விட்டுக் கழுவ விடமாட்டார்கள். ஈரம் உலராமல் நோயாகும். உலர்ந்த மணலும் கல்லும் கொண்டு தேய்த்துப் பெருக்குவார்கள், படுக்கைகளை வெயில் உள்ள நாளில் மேலே கொண்டுவந்து உதறுவார்கள். 1861-ல் ஆஸ்திரேலியாவுக்குச் சென்ற முதல் இங்கிலாந்து கிரிக்கெட் அணியும் இந்தத் தளத்தில்தான் நடந்து பழகியது.

உப்புக்கு விடிவு, நீராவியும் கடல்நீரும் கலக்காத கண்டென்சரில் வந்தது. குழாய்களுக்குள் கடல்நீர் ஓடும், வெளியே ஆவி குளிரும். அதே நன்னீர் திரும்பத் திரும்பப் பாய்லருக்குப் போகும். சாமுவேல் ஹால் 1834-லேயே காப்புரிமை பெற்றிருந்தார். பரவலானது 1860-களில். இடையில் தடுத்தது சிலிண்டருக்கு ஊற்றிய மாட்டுக் கொழுப்பு: அது ஆவியோடு போய்க் கண்டென்சர் குழாய்களில் படிந்தது, பாய்லரில் அமிலமாகிப் புள்ளி புள்ளியாக இரும்பை அரித்தது. கனிம எண்ணெய் வந்ததும் அந்தத் தொல்லை தணிந்தது, அழுத்தம் மளமளவென்று ஏறியது. 1881-ல் வந்த ‘அபர்டீன்’ கப்பல் 125 பவுண்டு அழுத்தத்தில், ஆவி மூன்று கட்டமாக விரியும் இன்ஜினோடு, ஒரே ஒரு முறை கரி ஏற்றி 42 நாளில் பிளிமத்திலிருந்து மெல்பர்ன் போய்ச் சேர்ந்தது. அடுத்த ஆண்டு ‘கிரேட் பிரிட்ட’னின் இன்ஜினைக் கழற்றிவிட்டார்கள். வெறும் பாய்மரக் கப்பலாக சான் பிரான்சிஸ்கோவுக்கு அது சுமந்து போனது வேல்ஸ் கரி.

கப்பல் இன்று பிரிஸ்டலில், கட்டிய அதே உலர்துறையில் இருக்கிறது. பல ஆண்டுகள் ஃபாக்லாந்து தீவுகளில் கிடந்ததை 1970-ல் மிதவை மேடையில் ஏற்றி இழுத்து வந்தார்கள். போகிறவர்கள் மேல்தளத்தின் அலங்கார அறைகளில் நேரத்தைச் செலவழித்துவிட்டுக் களைத்துப்போவார்கள். முதலில் கீழே, கண்ணாடித் தளத்துக்கு அடியில் இறங்குங்கள். இரும்புக்குள் ஊறிய உப்பு ஈரக்காற்றில் இன்னும் அரித்துக்கொண்டே இருப்பதால், அங்கே காற்றின் ஈரப்பதத்தை 20 சதவீதத்தில் வைத்திருக்கிறார்கள். தொண்டை சீக்கிரம் வறண்டுவிடும், தண்ணீர் குடித்துவிட்டுப் போவது நல்லது. தகடுகள் ஒன்றன் மேல் ஒன்று ஏறியிருக்கும் ஓரங்களையும் ரிவெட் வரிசையையும் பாருங்கள். வலப்பக்கம், மீட்பின்போது மெத்தைகளைத் திணித்து அடைத்த விரிசல் இருக்கும். பிறகு பின்பக்கம், ஆறு இலை கொண்ட 15 அடி 6 அங்குல ப்ரொப்பெல்லரின் மாதிரி. இன்ஜின் அறையில் முழு அளவு மாதிரி இன்ஜின் மெல்லச் சுழலும். அதைச் சுழற்றுவது மின்மோட்டார். கையில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு, நிமிடத்துக்கு 18 சுற்று என்றால் எப்படி இருந்திருக்கும் என்று பெரிய சக்கரத்தின் ஒரு பல்லைக் குறிவைத்து எண்ணிப் பாருங்கள்.